சமூக சேவகர்: யார் தந்த பட்டம்?

ஆடிக் கிருத்திகை நாள்களில் திருத்தணிக்கு வருகின்றவர்கள் மலைமேல் ஏறும் 365 படிகளை எண்ணத் தொடங்குமுன் வேறொன்றை எண்ணி முடித்திருப்பார்கள். கடைவீதியின் இருமருங்கிலும் கைகூப்பி நிற்கும் வரவேற்புப் பதாகைகளே அவை. மனை விற்பவர், வட்டிக்கு விடுபவர், அடுத்த நகராட்சித் தேர்தலில் நிற்க நினைப்பவர் என எல்லாரும் அங்கே சிரித்த முகத்துடன் நிற்கிறார்கள். எல்லார் பெயருக்கும் கீழே ஒரே பட்டம்: சமூக சேவகர். இரண்டு அண்டா சாம்பார் சாதம் அன்னதானம் செய்தவருக்கும் அதே பட்டம்தான். பதாகை வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவருக்கும் அதே பட்டம்தான். எழுத்து எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அச்சகத்தார் வேறு கேள்வி கேட்பதில்லை.

இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாமே என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். மழை பெய்தால் பதாகை கிழியும். பட்டமும் அதனோடு போகும். ஆயின், இதே சொல் நமது நாட்டின் சட்டப் புத்தகங்களிலும் ஏறி அமர்ந்திருக்கிறது. அங்கே அது கிழிவதில்லை. ஏழையின் வாழ்வைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஒரு மனிதரின் கையில் வைக்கிறது. அந்த மனிதர் யார், என்ன கற்றார், தவறு செய்தால் யாரிடம் பதில் சொல்வார் என்ற கேள்விகளுக்குத்தான் விடை இல்லை.

நமக்கு மிக அண்மையில் உள்ள சான்றையே எடுத்துக்கொள்வோம். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வருவாய்க் கோட்டத்திலும் விழிப்புக் குழு ஒன்று அமைய வேண்டும் என்கிறது. திருத்தணி ஒரு கோட்டத்தின் தலைநகர். எனவே, இங்கே கோட்டாட்சியரின் தலைமையில் இருக்க வேண்டிய குழுவில், கோட்டத்தில் குடியிருக்கும் இரண்டு சமூகப் பணியாளர்கள் இடம்பெற வேண்டும். கோட்டாட்சியர் நியமிப்பார். விடுவிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வுக்கு வழிசெய்வது, அவர்களுக்குக் கடன் கிடைக்க வங்கிகளின் பணியை ஒருங்கிணைப்பது, குற்றங்களைக் கண்காணிப்பது ஆகியவை அக்குழுவின் கடமைகள். இவற்றினும் பெரிய கடமை ஒன்றும் உண்டு. விடுதலையான தொழிலாளியின் மீது பழைய முன்பணத்தைக் கேட்டு முதலாளி வழக்குத் தொடுத்தால், குழு தன் உறுப்பினர் ஒருவரை அந்த வழக்கை எதிர்கொள்ள நியமிக்கலாம். அவ்வுறுப்பினர் அந்த ஏழையின் அதிகாரம் பெற்ற முகவராகவே நீதிமன்றத்தில் கருதப்படுவார்.

செங்கல் சூளையில் மண் மிதித்தே வாழ்நாளைக் கழித்த ஓர் இருளர் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்ற கணக்கு முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் சார்பாக நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஒருவர் 'சமூகப் பணியாளர்' என்று சட்டம் சொல்கிறது. அச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று அதே சட்டத்தில் தேடினால் ஒரு வரியும் கிடைப்பதில்லை. குழுவில் இடம்பெறுபவர் சூளை முதலாளியின் மைத்துனராக இருந்தாலும் சட்டத்தின் எழுத்து மீறப்பட்டதாகாது. கோட்டத்தில் குடியிருந்தால் போதும்!

குழந்தைகளைப் பற்றிய சட்டம் சற்று முன்னேறியிருக்கிறது, முழுமையாக அன்று. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்கிறார்கள். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். கருத்து வேறுபாடு எழுந்தால் பெரும்பான்மையோரின் முடிவே செல்லும். அதாவது, சட்டம் பயின்ற நடுவர் ஒன்று சொல்ல, சமூகப் பணியாளர் இருவரும் வேறொன்று சொன்னால், வெல்வது அவ்விருவரின் சொல்லே. இத்தனை அதிகாரம் பெற்றவருக்கு என்ன தகுதி வேண்டுமாம்? குழந்தைகளுக்கான சுகாதாரம், கல்வி, நலப்பணி ஆகியவற்றுள் ஏழாண்டு ஈடுபாடு. அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராயிருத்தல். 'சமூகப் பணியாளர்' என்ற இருக்கைக்குரிய பட்டங்களின் வரிசையில் சமூகப்பணிப் பட்டத்தையே காணோம்! குழந்தைகள் நலக் குழுவுக்கான பிரிவில் அப்பட்டம் இடம்பெற்றிருக்கிறது, இங்கே இல்லை. எழுதியவர்கள் மறந்தார்களா, மறுத்தார்களா என்பதை நாம் அறியோம். இரண்டில் எதுவாயினும், அந்தத் தொழிலுக்கு நமது நாட்டில் உள்ள மதிப்பு என்ன என்பது விளங்கிவிடுகிறது.

ஈண்டு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், சூளை வேலைக்காக எல்லைக்கு அப்பாலிருந்து வந்திருந்த ஒரு தாய் நமது பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். கிறிஸ்தவர் அல்லர். தெலுங்கைத் தவிர வேறு மொழி அறியார். முந்தானையின் முடிச்சிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பெயர், ஒரு கைப்பேசி எண், நடுவில் கொட்டை எழுத்தில் 'சமூக சேவகர்'. அந்தக் கார்டைக் கொடுத்தவர் வந்து, இலவச விடுதி, ஆங்கிலப் பள்ளி என்று சொல்லி, அம்மாவின் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் சென்றிருக்கிறார். தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார். என்ன தாள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. எண்ணை அழைத்தோம்; மணி அடிக்கவே இல்லை.

1098-க்குத் தெரிவித்து, காவல் நிலையத்துக்கும் நலக் குழுவுக்கும் நடந்து, நான்கு மாதங்களுக்குப் பிறகு வேறொரு மாவட்டத்தில் ஒரு விடுதியில் அந்தப் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இறைவன் அருளால் நலமாகவே இருந்தார்கள். மூத்தவன் தமிழ்கூடப் பேசக் கற்றிருந்தான். எனவே நன்றாக முடிந்த கதை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால், அந்த மனிதர் மீது எங்கே முறையிடுவது என்று அந்தத் தாய் கேட்டபோது நம்மிடம் விடை இருக்கவில்லை. "நல்லதுதானே செய்தேன், தாயே கைநாட்டு வைத்தாரே" என்றார் அவர். கடத்தல் என்று நிறுவப் போதிய சான்று இல்லை என்றார்கள். வழக்கறிஞர் ஒருவர் இப்படி நடந்திருந்தால் வழக்கறிஞர் மன்றத்துக்கு எழுதியிருக்கலாம். செவிலியர் என்றால் செவிலியர் மன்றத்துக்கு எழுதியிருக்கலாம். இவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏறாத பெயரை எங்கிருந்து அடிப்பது? அந்தக் கார்டில் நூறு அச்சடித்திருந்தால் மீதித் தொண்ணூற்று ஒன்பதும் எந்தெந்த முந்தானை முடிச்சில் இருக்கின்றனவோ!

இது ஒரு மூலையில் நடந்த சிறு நிகழ்ச்சி. நாடறிந்த நிகழ்ச்சியும் உண்டு. 2021-இல் மதுரையில், ஆதரவற்றோருக்கென ஓர் அறக்கட்டளை நடத்திய இல்லத்தில் இருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்ததாக ஆவணம் புனையப்பட்டது. புதைத்ததாகவும் காட்டப்பட்டது. உண்மையில் அந்தக் குழந்தை விற்கப்பட்டிருந்தது. காவல் துறையினர் உயிருடன் மீட்டனர். அந்த இல்லத்தை நடத்தியவரை அதற்கு முந்திய நாள் வரை ஊர் எப்படி அழைத்திருக்கும்? நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றத் தொழில்களை நோக்குவோம். சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்குச் சட்டம் வந்தது 1926-இல். நாடு முழுமைக்குமான செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் வந்தது. மருந்தாளுநருக்கு 1948; வழக்கறிஞருக்கு 1961; கட்டடக் கலைஞருக்கு 1972. மாத்திரை எண்ணிக் கொடுப்பவருக்குப் பதிவு வேண்டும். வீட்டுக்கு வரைபடம் வரைபவர் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அழைத்துக்கொள்ளப் பதிவு வேண்டும். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, "இந்தக் குழந்தை இங்கே வளரத் தகாது" என்று அறிக்கை எழுதுபவருக்கு எதுவும் வேண்டாம்!

படிப்பு இல்லாமலில்லை. 1936-இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கிற்று. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்டு மான்ஷார்ட் ஓர் அமெரிக்க மறைப்பணியாளர் என்பதை நம் வாசகர்கள் பலர் அறியார். இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். நமது லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளிலும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலும் சமூகப்பணி கற்பிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இளைஞர் எம்.எஸ்.டபிள்யூ. பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். தொண்ணூறு ஆண்டுகளாகப் பட்டம் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, பட்டம் பெற்றவர்களின் பெயரை ஒரு நூலில் எழுதிவைக்கத் தெரியவில்லை. 2005-இல் தோன்றிய இந்தியத் தொழில்முறைச் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கம் தனி மன்றம் வேண்டுமென்று சட்ட வரைவு எழுதி மன்றாடி வருகிறது. நாடாளுமன்றம் இன்றுவரை அப்படியொரு சட்டம் இயற்றவில்லை.

மருத்துவமனையின் மதிலுக்குள் மட்டும் ஓரளவு வெளிச்சம் விழுந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலத் துறையின் சமூகப்பணியாளர் யார் என்பதை வரையறுக்கிறது: சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதற்குமேல் ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும். மாநில மனநல ஆணையம் அவரைப் பதிவு செய்து பட்டியலை வெளியிட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 2021-இல் இயற்றப்பட்ட தேசிய இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்துறையினர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் மருத்துவச் சமூகப்பணியாளர் பெயர் சேர்ந்திருக்கிறது. நல்லதே. ஆனால், மருத்துவமனையில் மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், கேள்வி கேட்க உறவினர் இருக்கின்றனர். சூளையிலும் அரிசி ஆலையிலும் விசைத்தறிக் கொட்டகையிலும் யார் இருக்கிறார்கள்? கண்கள் அதிகமுள்ள இடத்துக்கே பதிவேடு வந்திருக்கிறது. கண்களே இல்லாத இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்பாரும் உளர். பிலிப்பைன்ஸ் பணக்கார நாடன்று. நம்மைப் போலவே ஏழைகள் மலிந்த, கத்தோலிக்கர் நிறைந்த நாடு. அங்கே 1965-லேயே சட்டம் வந்துவிட்டது. சமூகப்பணியில் பட்டம், தேர்ந்த பணியாளரின் மேற்பார்வையில் ஆயிரம் மணி நேரக் களப்பயிற்சி, பின்னர் அரசுத் தேர்வு. இவை முடிந்தால்தான் உரிமம். இங்கிலாந்தில் 2005 முதல், பதிவு பெறாத ஒருவர் பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு தம்மைச் சமூகப்பணியாளர் என்று அழைத்துக்கொள்வது குற்றம். அங்கே 2019 முதல் தனி ஆணையம் ஒன்று இதற்கெனவே இயங்குகிறது. பெயர் நீக்கப்பட்டவர் யார், ஏன் என்பதை அது வெளிப்படையாக அறிவிக்கிறது. இந்நாடுகளில் குழந்தைக்குத் தீங்கே நேர்வதில்லை என்று நாம் சொல்லவில்லை. நேரும்போது கேட்பதற்கு ஓர் இடமும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு பெயரும் இருக்கின்றன என்கிறோம்.

இனி நம்மவர் கூறும் மறுப்புகளுக்கு வருவோம். வெளியாரைவிட நம்மவரே இதில் அதிகம் முரண்டு பிடிக்கிறார்கள் என்பது நமது அனுபவம்.

"அன்னை தெரேசா எந்த உரிமத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்?" என்பது முதல் கேள்வி. பங்குப் பேரவையிலும் பக்த சபைக் கூட்டத்திலும் இதைக் கேட்காத ஆண்டில்லை. கேட்பவர்கள் அன்னையின் வரலாற்றைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். 1948-இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறிய அன்னை நேரே கல்கத்தாவின் சேரிக்குப் போகவில்லை. பாட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் நடத்திய திருக்குடும்ப மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் முறையைக் கற்றார். சோறும் உப்பும் மட்டும் உண்டு பணி செய்வோம் என்றிருந்தவரை, அப்படி உண்டால் உழைக்க உடல் இராது என்று அச்சகோதரிகளே தடுத்தார்கள் என்பதும் வரலாறு. இருபதாண்டுத் துறவற வாழ்வும் குறையாத இரக்கமும் கொண்டிருந்த ஒருவர், கற்காமல் தொடக்கூடாது என்று கருதினார். நம்மில் சிலருக்கு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேர உற்சாகமே போதுமானதாக இருக்கிறது.

அந்தச் சகோதரிகளின் நிறுவுநர் அன்னா டெங்கல் அம்மையாரின் கதையும் இங்கே பொருந்தும். பட்டம் பெற்ற மருத்துவராக ராவல்பிண்டிக்கு வந்தவர் அவர். பெண்கள் ஆண் மருத்துவரை நாடாமல் இறப்பதைக் கண்டார். அந்நாளில் துறவியர் மகப்பேறு மருத்துவம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. "இரக்கம் இருக்கிறது, செபம் இருக்கிறது, அதுவே போதும்" என்று அவர் அமைதி கொள்ளவில்லை. துறவியர் முறையான மருத்துவராகவும் பணியாற்ற வேண்டும் என்று போராடினார். 1936-இல் உரோமை இசைந்தது. திறமையற்ற இரக்கம் நோயாளிக்கு இழைக்கும் அநீதி என்பதை அவர் நமக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது; அதை நாம் இலேசாக ஒதுக்க மாட்டோம். "உரிமம் என்ற பெயரில் அரசின் கையில் இன்னொரு சாட்டையைக் கொடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடைச் சட்டமும் 2020-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் நமது நிறுவனங்களை எப்பாடு படுத்தின என்பதை அறிந்தவர்களின் கேள்வி இது. ஆந்திர எல்லையோரத்துச் சிற்றூரில் நடக்கும் தையற்பள்ளிக்கு வரும் பணத்துக்கும் புதுதில்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளையில் கணக்குத் திறக்கவேண்டியிருக்கிறது. இந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. அச்சட்டம் நிறுவனத்தின் பணத்தைக் கட்டுப்படுத்துவது. கடிவாளம் அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. நாம் கேட்பது ஆளுக்கான பதிவு. வழக்கறிஞர்களுக்கு உள்ளதுபோல, அத்தொழிலில் உள்ளோரே பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுக்கும் மன்றம் அதை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மன்றமும் கெட்டுப்போகலாம். இந்திய மருத்துவ மன்றம் ஊழல் புகாருக்கு ஆளாகி 2010-இல் கலைக்கப்பட்டதையும், 2020-இல் அதனிடத்தில் வேறோர் ஆணையம் வந்ததையும் கண்டோம். அதனால் மருத்துவருக்குப் பதிவே வேண்டாம் என்று எவரேனும் சொன்னார்களா? நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், பதிவு பெற்ற மருத்துவரைத்தானே தேடி ஓடுகிறோம்? ஏழையின் பிள்ளைக்கு மட்டும் யார் வந்தாலும் சரியா?

மூன்றாவது மறுப்பை ஏழைகளின் பக்கம் நின்று பேசுவோர் எழுப்புகிறார்கள். அதில் நாமும் அவர்களோடு உடன்படுகிறோம். பட்டம் ஒன்றே தகுதி என்று வைத்துவிட்டால், சென்னையில் படித்து வந்த இருபத்து மூன்று வயது இளைஞர் உள்ளே வருவார். இருபது ஆண்டுகளாகச் சூளை சூளையாகச் சென்று பெண்களைத் திரட்டிய இருளர் பெண்மணி வெளியே நிற்பார். அந்த இளைஞருக்குத் தெலுங்கும் வராது. திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்த ஊர். கோடு ஒரு நாளில் மாறிற்று. மக்களின் நாவு அப்படி மாறுவதில்லை. இன்றும் இங்கே பாதி வீடுகளில் அழுகை ஒரு மொழியிலும் மனு வேறொரு மொழியிலும் இருக்கின்றன. அந்த அழுகையைப் புரிந்துகொள்ள முடியாதவர் எழுதும் அறிக்கை, எத்தனை பட்டம் பெற்றவருடையதாயினும், பாதி பொய்யே.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை இந்த நோக்கில் மீண்டும் வாசிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. மொழி எல்லையில் எழுந்த முறையீடு அது, நம் ஊரைப்போலவே. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? ஆர்வமுள்ள எவரும் வந்து பரிமாறலாம் என்று சொல்லிவிடவில்லை. நற்சான்று பெற்றவர், ஞானம் உடையவர் எனத் தகுதியை வரையறுத்தார்கள். எத்தனை பேர் என்பதையும் வரையறுத்தார்கள், ஏழு பேர். தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டார்கள். பின்னர் அனைவர் முன்னிலையிலும் கைகளை வைத்துப் பொறுப்பளித்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் எழுதி வைக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளாக நாம் அவற்றை வாசித்து வருகிறோம். எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே என்பதை விவிலிய அறிஞர் சுட்டுவர். யார் முறையிட்டார்களோ அவர்கள் மொழியை அறிந்தவர்களே அமர்த்தப்பட்டனர் என்று கொள்ள இடமுண்டு. உரிமத்தின் உறுப்புகள் அனைத்தும் அந்த ஆறு வசனங்களுக்குள் இருக்கின்றன. பல்கலைக்கழகப் பட்டம் மட்டுந்தான் இல்லை.

ஆகவே, பதிவேட்டுக்குள் நுழைய இரண்டு வாயில்கள் இருக்கட்டும். ஒன்று பட்டமும் மேற்பார்வையிடப்பட்ட களப்பயிற்சியும். மற்றொன்று நீண்ட கால உழைப்பும், அதை அறிந்தோர் தரும் சான்றும், நேர்முகத் தேர்வும். இரண்டாம் வாயிலில் வருபவர் எழுதத் தெரியாதவராயிருந்தாலும் வாய்மொழித் தேர்வு நடத்தலாம். ஆனால், இரு வாயில்களுக்கும் வெளியேற்றும் கதவு ஒன்றே. அதுவே இந்த விவாதத்தின் மையம் என்று நாம் கருதுகிறோம். தேர்வைப் பற்றியும் பட்டத்தைப் பற்றியும் பேசியே நாள்கள் கழிகின்றன. பெயரை நீக்கும் அதிகாரத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நுழைவுத் தேர்வால் நன்மை பெறுபவர் பணியாளர். அவருக்கு மதிப்பும் ஊதியமும் உயரும். பெயர் நீக்கத்தால் காப்பு பெறுபவள் அந்தத் தாய். முன்னதை மட்டும் கேட்கும் சங்கங்கள் தங்களுக்காகக் கேட்கின்றன என்றுதான் ஏழைகள் எண்ணுவார்கள்.

அண்டை வீட்டாரின் இரக்கத்துக்கு உரிமம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை என்பதையும் தெளிவுபடுத்துகிறோம். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோகும் வின்சென்ட் தே பவுல் சபையினரை எவரும் தடுக்கவேண்டாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிய சமாரியர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆனால், அவர் அந்த மனிதரின் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பவில்லை. அவருடைய கைநாட்டை வாங்கவில்லை. அவர் சார்பில் நீதிமன்றத்தில் பேசவில்லை. பிறருடைய வாழ்வின் மீது அதிகாரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே உரிமமும் தொடங்க வேண்டும்.

அருள்பணியாளர்களாகிய நாம் இதை எதிர்க்கவே முடியாது. ஆண்டுக்கணக்கில் மெய்யியலும் இறையியலும் கற்று, ஆயர் கைகளை வைத்து அருள்பொழிவு செய்த பின்னரும், ஒருவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க நமக்குத் தனி அதிகாரம் தேவைப்படுகிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 966-ஆம் சட்டம் அதைக் கூறுகிறது. தேர்வாலோ வேறு வழியாலோ தகுதி அறியப்பட்டவருக்கே அவ்வதிகாரம் தரப்பட வேண்டும் என்கிறது 970-ஆம் சட்டம். தக்க காரணம் இருந்தால் அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. குருத்துவம் அழிவதில்லை, அதிகாரம் பறிக்கப்படலாம். ஓர் ஆன்மாவின் இரகசியத்தைக் கேட்பவருக்கு அழைத்தலும் ஆர்வமும் போதா என்று திருச்சபை பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது. வன்கொடுமைக்கு ஆளான சிறுமி தன் வாழ்வின் பேரிரகசியத்தைச் சொல்லக் காத்திருக்கிறாள். அவள் எதிரே அமர்பவருக்கு மட்டும் நல்ல மனம் போதும் என்று எந்த வாயால் சொல்வோம்?

நமது விடுதிகளையும் இல்லங்களையும் பற்றிப் பேசாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. பல இடங்களில் காப்பாளர் பொறுப்பு யாருக்குக் கிடைக்கிறது? வேறு பணிக்கு ஏற்றவரல்லர் என்று கருதப்பட்டவருக்கு. அல்லது நவசந்நியாசம் முடித்து வந்த, தம் வீட்டுத் தம்பி தங்கையரைத் தவிர வேறு பிள்ளைகளை வளர்த்தறியாத இளம் சகோதரிக்கு. அல்லது வேலை கேட்டு வந்த உபதேசியாரின் உறவினருக்கு. கணக்கருக்குப் பி.காம். கேட்கிறோம். பள்ளி ஆசிரியருக்குப் பி.எட். கேட்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அழும் எட்டு வயதுக் குழந்தைக்கு எதிரே இருப்பவரிடம், "பொறுமைசாலியா?" என்று மட்டும் கேட்கிறோம். ஐயம் எழுந்தாலோ, மாற்றம் ஒன்றே நமது வழக்கமான மருந்து. ஒரு விடுதியில் அடித்தவர் அடுத்த கல்வியாண்டில் வேறொரு விடுதியில் காப்பாளர். இதற்கு அரசையும் நாடாளுமன்றத்தையும் குறைசொல்வதில் பொருளில்லை.

அரசு சட்டம் இயற்றும்வரை மறைமாவட்டம் காத்திருக்க வேண்டியதில்லை. நமது பலநோக்குச் சமூகப்பணிச் சங்கங்களிலும் விடுதிகளிலும் ஏழைகளின் வீட்டு வாசலை மிதிக்கும் ஒவ்வொருவரின் பெயரையும், அவர் கற்றதையும், பெற்ற பயிற்சியையும் எழுதி ஒரு பதிவேடு திறக்கலாம். அதை அலுவலக அலமாரியில் பூட்டாமல் கோயில் வாயிலில் தமிழிலும், இப்பகுதியில் தெலுங்கிலும் ஒட்டலாம். முறையீட்டைக் கேட்க மூவர் அமரலாம்; அவர்களுள் ஒருவர் பொதுநிலையினரான பெண்ணாக, நமது நிறுவனங்களில் ஊதியம் பெறாதவராக இருக்க வேண்டும். நீக்கப்பட்டவரின் பெயர் மறைமாவட்டத்தின் வேறெந்த நிறுவனத்திலும் ஏறக்கூடாது. பொதுநிலையினரான உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பங்கின் விடுதிக்கு அரிசி மூட்டை அனுப்பும்போது, காப்பாளர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். சமூக சேவகர் என்று கார்டு நீட்டுபவரிடம், "உம்மீது யாரிடம் முறையிடுவது?" என்று கேளுங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதி, நம் கோட்டத்து விழிப்புக் குழுவில் இப்போது இருக்கும் அந்த இரண்டு சமூகப் பணியாளர்கள் யாவர் என்று கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய் போதும்.